ஏணி வாங்கிய லென்ஸ்

கழிவுநீர் நிலையத்தில் அவரை எல்லாரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த பெயரல்ல அது. அவருடைய அப்பாவோடு பிறந்தவர்கள் நாலு பேர், அம்மாவோடு பிறந்தவர்கள் மூன்று பேர். ஏழு பேரும் தரையோடு தரையாக இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் இவர் ஒருவர் மட்டும் எங்கிருந்தோ உயரத்தை வாங்கிக்கொண்டு வந்து பிறந்தார். பரண்மேல் இருக்கும் அண்டாவை எடுக்க வேண்டுமென்றால் சித்தப்பா பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் இவரைத்தான் தேடி ஓடிவருவார்கள். "அந்த ஏணியைக் கூப்பிடு" என்று பெரிய அத்தை வைத்த பெயர், கல்யாணமாகி, மகளைக் கட்டிக்கொடுத்து, தலை பாதி நரைத்த பிறகும் அவரைவிட்டு இறங்கவில்லை.

நிலையத்தில் அவர் பம்ப் ஆபரேட்டர். இருபத்தாறு வருஷம். ஊரே குளித்து, துவைத்து, கழுவிக் கொட்டிய தண்ணீர் தரைக்கடியில் ஒரு கிணற்றுத் தொட்டிக்கு வந்து சேரும். அதை மேலே இறைத்து முதல் குளத்தில் விடுவது அவர் வேலை. குளங்கள் நாலு. முதல் குளத்தின் பக்கம் மூக்குள்ளவன் நிற்க முடியாது. இரண்டாவதில் கொஞ்சம் அடங்கும். மூன்றாவதில் தண்ணீர் பச்சையாகத் தெளிந்து, ஓரமெல்லாம் கோரை முளைத்து, ஒரு ஏரி மாதிரியே கிடக்கும். நாற்றம் பிடித்த இடத்துக்கு மனுஷன் வரமாட்டான். மனுஷன் வராத இடத்துக்குப் பறவை வரும். கொக்கும் நாரையும் நீர்க்கோழியும் அங்கே சொந்த வீடு மாதிரி உலாவின.

அவற்றில் முக்குளிப்பான் என்று ஒரு சின்னப் பறவை. உள்ளங்கை இரண்டைச் சேர்த்துக் குவித்தால் அதற்குள் அடங்கிவிடும். இப்போது பார்த்தோம் என்று சொல்வதற்குள் தண்ணீருக்குள் போய்விடும், நினைக்காத இடத்தில் தலை தூக்கும். அதற்குக் கூடு கட்ட மரம் வேண்டாம், கரை வேண்டாம். அழுகின பாசியையும் கோரையையும் குவித்துத் தண்ணீர்மேலேயே மிதக்கவிடும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதும், முட்டைகள்மேல் நாலு பாசியை இழுத்துப் போர்த்திவிட்டுச் சத்தமில்லாமல் முங்கிவிடும். கிட்டே போய்ப் பார்க்கிறவனுக்கு அது கூடு இல்லை, குப்பை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏணியும் அப்படித்தான் பார்த்தார். மூன்றாம் குளத்தில் சேறு வார வேண்டும் என்று உத்தரவு வந்தது. வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டவர் அவர்தான். கோரையோரம் குப்பை ஒன்று மிதந்ததைப் பார்த்தார், பேசாமல் இருந்துவிட்டார். மறுநாள் அந்தக் குப்பை சேற்றில் உட்கார்ந்திருந்தது. காலால் தள்ளினார். உள்ளே மூன்று முட்டைகள். தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தன. அந்த ஜோடி இரண்டு நாள் காய்ந்த குளத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டுப் போய்விட்டது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியைத் தவிர. அவளும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த வருஷம் மறுபடியும் மூன்றாம் குளத்தில் சேறு வார நாள் குறித்தார்கள். இன்னும் பத்து நாள். மறுபடியும் கோரையோரம் ஒரு குப்பை மிதந்தது. மறுபடியும் வால்வைத் திருப்பப் போவது இந்தக் கைதான்.

புதிதாக வந்திருந்த இன்ஜினியரிடம் போய்ச் சொன்னார். நல்ல மனுஷன்தான். ஆளுக்குப் பயந்த பல்லி மாதிரி எப்போதும் காகிதங்களுக்குள்ளே ஒதுங்கிக் கிடப்பார். எழுந்து வந்து கரையில் நின்று பார்த்தார்.

"எங்கேய்யா கூடு?"

"அதோ சார். அளவுப் பலகைக்கு இடது பக்கம்."

"அது பாசிக் குப்பை."

"குப்பைதான் சார். அதுக்குள்ள முட்டை இருக்கு."

"நீ பார்த்தியா?"

"நாம வந்தாலே மூடிட்டுப் போயிடும் சார்."

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாரு. எனக்கு மேல இருக்கறவங்க கேப்பாங்க. குப்பைக்காக வேலையை நிறுத்தினேன்னு நான் எழுத முடியாது. முட்டையோட ஒரு படம் கொண்டா. நாலாம் குளத்தை முதல்ல எடுத்துக்கறேன்."

ஏணி போனில் எடுத்த படங்களைக் காட்டினார். பச்சையில் ஒரு கறுப்புப் புள்ளி. இன்ஜினியர் விரலால் பெரிதாக்கினார். பெரிய கறுப்புப் புள்ளியாக ஆயிற்று.

வீட்டுக்கு வந்து மச்சினனைக் கூப்பிட்டார். மனைவிக்குக் கூடப் பிறந்தவன், ஒரே தம்பி, ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் படம் எடுத்தவன், இப்போது வீடியோ மட்டும். பழைய கேமரா ஒன்று அவனிடம் சும்மா கிடந்தது.

"கேமராவை எடுத்துக்குங்க மாமா, இனாம். ஆனா இதுல இருக்கற லென்ஸ் மாப்பிள்ளை மூஞ்சி எடுக்கறதுக்கு. பறவைக்கு நீளமா வேணும்."

"எவ்வளவு நீளம்?"

"உங்களை மாதிரி" என்று சிரித்தான். "நானூறு எம்.எம்.மாவது வேணும். அறுநூறு இருந்தா ராஜா. ஆனா அறுநூறு வாங்கணும்னா அக்காவையும் சேர்த்து அடகு வைக்கணும்."

"உன் அக்கா பெறுமானம் தெரியாம பேசாத" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஏணியின் மனைவி தையல்காரி. பேசிக்கொண்டே தைப்பாள், தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பாள். சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். அப்புறம் மிஷினை நிறுத்திவிட்டு வந்து, மழைக்காலத்து ஓவர்டைம் பணம் வைத்திருந்த டப்பாவை எடுத்துக் கணவர் முன்னால் வைத்தாள்.

பழைய கேமராக்கள் விற்கும் கடை, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, சாவி வெட்டுகிற கடைக்கு மாடியில். கடைக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். ஏணி தலையைக் குனிந்து உள்ளே வந்ததும், "பார்த்து, அந்த விட்டத்துல நேத்து ஒருத்தர் முட்டிக்கிட்டார், அவர் உங்க தோள் உயரம்தான்" என்றாள்.

ஏணி சமாச்சாரத்தைச் சொன்னார். முக்குளிப்பான், நாற்பது மீட்டர், கிட்டே போக முடியாது, இவ்வளவுதான் பணம். அவள் மூன்று லென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முதலாவது தொடை மாதிரி ஒரு அறுநூறு. ஏணி அதை ஆசையாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டுவிட்டு, தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி மெதுவாகக் கீழே வைத்தார். இரண்டாவது சின்னது, புத்தம் புதுசு, இருநூற்றைம்பதுவரை நீளும். "கை உதறினா அதுவே தாங்கிக்கும். ஆனா உங்க பறவை எட்டாது" என்றாள். மூன்றாவது ஒரு பழைய நானூறு. ஜூம் கிடையாது, உதறல் தாங்காது. வெளியே பெயிண்ட் உரிந்திருந்தது. பூதக்கண்ணாடியை ஏணியிடம் கொடுத்து, டார்ச் அடித்து, உள்ளே பார்க்கச் சொன்னாள். பூசணம் இல்லை, கீறல் இல்லை.

"வெளியில பார்த்தா பரதேசி, உள்ள ராஜா. இந்தப் பணத்துக்கு இதைவிட நல்லது கிடையாது. ஒரு டிராயிங் வாத்தியார் பதினோரு வருஷம் வச்சிருந்தார். எடுத்துட்டுப் போங்க. மூணு நாள் வச்சுப் பாருங்க. சரியில்லைன்னா கொண்டாங்க, பணத்தைத் தர்றேன்."

ஏணி நானூறை வாங்கிக்கொண்டார்.

கூட்டைப் பார்க்க நிலையத்தில் ஒரே இடம்தான் தோது. பம்ப் அறைக்கு வெளியே, இரண்டாள் உயரத்தில் இருக்கும் இரும்பு மேடை. அங்கிருந்து பார்த்தால்தான் கோரைக்கு மேலாகப் பார்வை இறங்கிக் கூட்டில் விழும். அவர் அங்கேயே எப்போதும் நடமாடுகிற ஆள் என்பதால் பறவையும் அவரை ஒரு தூண் மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டது. வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேலே காற்று கொதித்து எல்லாம் நெளியும். அதனால் காலை ஏழு மணிக்குள் எடுத்துவிட வேண்டும்.

முதல் நாள் கம்பிப் பிடியில் லென்ஸைச் சாய்த்துவைத்து எடுத்தார். படத்தில் பறவைக்கு இரண்டு அலகு இருந்தது. அடுத்த நாள் பறவையை விட்டுவிட்டு அளவுப் பலகையை எடுத்துப் பார்த்தார். தண்ணீர் மட்டம் காட்டும் அந்தப் பலகையின் எண்ணை வெறுங்கண்ணால் அந்த மேடையிலிருந்து இருபத்தாறு வருஷமாகப் படித்துப் புத்தகத்தில் எழுதுகிறவர் அவர். படத்தில் மூன்று என்ற எண் எட்டு மாதிரி மெழுகியிருந்தது. மூச்சை அடக்கி எடுத்தார், முட்டி போட்டு எடுத்தார், கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடுத்தார். கட்டிப்பிடிக்கப் பிடிக்க மோசமாயிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம் கடைக்குப் போனார். கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். ஏணிக்கு நாள் குறைந்துகொண்டே போகிற பதற்றம், வாய் தடித்துவிட்டது.

"உள்ள ராஜாவா? ராஜாவுக்குக் கண்ணு புரை விழுந்திருக்கு. கெட்டுப்போனதை என் தலையில கட்டிட்டீங்களே."

"ஷட்டர் வேகத்தை ஏத்திப் பார்த்தீங்களா?"

"விடியக்காலை வெளிச்சத்துல எவ்வளவு ஏத்த முடியும்? எல்லாம் படம் எடுக்கற என் மச்சினன் சொல்லிக்கொடுத்தான். லென்ஸ் பொய், அவ்வளவுதான்."

கடைக்காரம்மாவின் முகம் சிறுத்துப்போயிற்று. லென்ஸை வாங்கித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, புதிய இருநூற்றைம்பதை எடுத்துக் கொடுத்து, மீதியையும் கொடுத்தாள். "நான் பொய் சொல்லி விக்கறதில்லை" என்று மட்டும் சொன்னாள். நின்றிருந்த இரண்டு பேரும் ஏணி இறங்கிப்போகிறவரை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருநூற்றைம்பதில் பறவை கடுகாக வந்தது. கடுகும் மெழுகியிருந்தது. நாலு நாள் மிச்சம்.

அடுத்த காலை ஏணி பதற்றத்தில் கேமரா பேட்டரியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். மனைவி அதை எடுத்துக்கொண்டு, ஃப்ளாஸ்கில் டீயும் எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து வந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் அந்த மேடையில் ஏறியது அதுதான் முதல் தடவை. கடைசிப் படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள்.

"என்னங்க இது, இப்படி அதிருது?"

"எது?"

"தரை."

"தரை எங்க அதிருது? இரும்புத் தரை, சும்மா கிண்ணுனு இருக்கு."

அவள் டம்ளரில் டீயை ஊற்றிக் கம்பிப் பிடிக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தாள். "பாருங்க."

ஏணி குனிந்து பார்த்தார். டீயின்மேல் சின்னச் சின்ன வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக, நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. கீழே பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அதன் குழாய் சுவரைத் தொட்டு, சுவர் மேடையைத் தொட்டு, மேடை கம்பியைத் தொட்டு, கம்பி லென்ஸைத் தொட்டு.

"தையல் மிஷின் காலுக்கடியில அட்டை வைக்காம தைச்சா தையல் இப்படித்தான் நெளியும். ஊசி மேலயா குத்தம்?" என்றாள். "முப்பது வருஷத்துக்குக் கிட்ட ஆடற தரையில நிக்கறீங்க. ஆடறது உங்களுக்கு மறந்துபோச்சு. ஆடாத தரையிலதான் உங்களுக்குக் கஷ்டம். மக வீட்டுல மூணு நாள் தூக்கம் வராம, கட்டில் கோணல் கட்டில்னு சொல்லிட்டு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? மாப்பிள்ளை உங்க நீளத்துக்குன்னு ஆசாரிகிட்ட சொல்லிச் செஞ்ச கட்டில்."

ஏணிக்கு ஞாபகம் இருந்தது. மகள் அதற்கப்புறம் போனில் பேச்சைக் குறைத்துக்கொண்டதும் ஞாபகம் இருந்தது. இரண்டு உள்ளங்கையையும் கம்பிமேல் வைத்துக் கண்ணை மூடிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சத்தியமாக ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் டீ நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் மெதுவாக.

"உங்க விஷயத்துல கூடமேதான் ஆடுது. போய் அந்த அம்மாகிட்ட சொல்லுங்க."

வேலை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போனார். வழியெல்லாம் ஒரே நினைப்பு, இந்நேரம் வித்துப்போயிருக்கும். அன்றைக்கும் கடையில் ஒருத்தர் நின்றிருந்தார். ஏணி அவர் போகட்டும் என்று சுவரோரம் ஒதுங்கினார். கடைக்காரம்மா பார்த்துவிட்டாள்.

"என்ன, இதுக்கும் புரை விழுந்துடுச்சா?"

"இல்லைம்மா. எனக்குத்தான் விழுந்திருந்தது. அந்த நானூறு நல்ல லென்ஸ். என் பம்ப் ஆடுது, நான் லென்ஸைச் சொல்லிட்டேன்."

"காது கேக்கல. அன்னைக்கு எவ்வளவு சத்தமா சொன்னீங்களோ அதே சத்தத்துல சொல்லுங்க."

ஏணி நிமிர்ந்தார். விட்டத்தில் தலை இடித்தது. தடவிக்கொண்டே, தெரு கேட்கிற மாதிரி சொன்னார். "அது நல்ல லென்ஸ்! தப்பு என்னோடது! இந்தம்மா பொய் சொல்லி விக்கறவங்க இல்லை!"

கீழே சாவி வெட்டும் சத்தம் ஒரு நிமிஷம் நின்று, மறுபடி தொடங்கியது. கடைக்காரம்மா துணிச்சுருளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"உங்க புண்ணியத்துல இதை யாரும் தொடல. அன்னைக்கு நின்ன ரெண்டு பேர்ல ஒருத்தர் இதுக்குத்தான் வந்திருந்தார். நீங்க போனதும் அவரும் போயிட்டார்." சொல்லிவிட்டு, சிரிக்கக்கூடாது என்று இருந்தவள் சிரித்துவிட்டாள். "முட்டை தெரிஞ்சா எனக்கும் ஒரு படம் கொண்டாங்க."

அன்று மாலை மனைவி வெட்டுத்துணியெல்லாம் திணித்து, திண்டு மாதிரி ஒரு பை தைத்தாள். லென்ஸுக்கு மெத்தை. அது பாதி ஆட்டத்தை விழுங்கும். மீதி ஆட்டத்துக்கு ஏணியிடமே வழி இருந்தது. தினமும் காலை ஆறரைக்கு ஒரு பம்பை நிறுத்திவிட்டு இன்னொன்றை ஓட்ட வேண்டும். இது நின்று அது ஓடத் தொடங்குமுன் ஏழு நிமிஷம் கிணற்றுத் தொட்டி தாங்கும். எட்டாவது நிமிஷம் ஊரின் அழுக்கு தொட்டியை மீறி, பக்கத்துத் தெருவின் சாக்கடை மூடிகளைத் தூக்கும். அந்த ஏழு நிமிஷம்தான் மேடை சும்மா நிற்கிற நேரம். இருபத்தாறு வருஷத்தில் அவர் அதை எட்டாக விட்டதில்லை.

மறுநாள் பம்பை நிறுத்தினார். அப்படி ஒரு அமைதி அங்கே உண்டென்றே அவர் கவனித்ததில்லை. பறவை கூட்டில் உட்கார்ந்திருந்தது. அலகோரத்து மஞ்சள்கூடக் கத்தரித்த மாதிரி தெரிந்தது. ஆனால் அது எழவில்லை. முட்டைமேல் அமுங்கிக்கொண்டு அப்படியே இருந்தது. ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் எழும் என்று மனசு சொன்னது. கை போய் மேடைச் சுவரில் இருந்த பம்ப் சுவிட்சைத் தட்டியது. மேடை ஆடத் தொடங்கியிருக்க வேண்டும், அவருக்குத் தெரியவில்லை. பறவை அப்போதுதான் எழுந்து நின்றது. அதற்கடுத்த நாள் மூடுபனி, குளமே தெரியவில்லை.

கடைசி நாள். மறுநாள் காலை வால்வைத் திறக்க வேண்டும். ஆறரைக்கு பம்ப் நின்றது. முதல் நிமிஷம், இரண்டாவது நிமிஷம். நாலாவது நிமிஷத்தில் கோரைக்குள்ளிருந்து ஜோடிப்பறவை வாயில் ஒரு பாசித்துண்டோடு நீந்தி வந்தது. உட்கார்ந்திருந்தது எழுந்தது, குனிந்தது, அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டியது. நாலு முட்டைகள். பாசியின் சாயம் ஏறி டீக்கறை நிறத்தில் நாலு முட்டைகள். ஏணி அழுத்தினார், அழுத்தினார், அழுத்தினார். ஆறாவது நிமிஷம் சுவிட்சைத் தட்டிவிட்டுப் படத்தைப் பார்த்தார். முட்டைக்குப் பக்கத்தில் அளவுப் பலகையும் விழுந்திருந்தது. மூன்று, மூன்றாகவே இருந்தது.

இன்ஜினியர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பெரிதாக்கப் பெரிதாக்க முட்டை முட்டையாகவே வந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அதைக் குப்பைன்னேன், இல்ல?"

"நானும் ஒரு தடவை அப்படித்தான் நினைச்சேன் சார்" என்றார் ஏணி. இன்ஜினியர் பேனாவை எடுத்தார்.

"எத்தனை நாள் வேணும்?"

"அதுங்களைத்தான் சார் கேக்கணும்."

"எழுதறதுக்கு எனக்கு ஒரு எண் வேணும்யா."

"அப்ப ரெண்டு மாசம்னு எழுதுங்க சார். குஞ்சு தாய் முதுகுல ஏறி, இறங்கி, தானா முங்கக் கத்துக்கணும் இல்ல?"

இன்ஜினியர் எழுதினார். நாலாம் குளம் முதலில் என்று அடிக்கோடு போட்டார்.

ஏணி மேடைக்குத் திரும்பி வந்து டம்ளரில் டீயை ஊற்றிப் பலகையில் வைத்தார். வளையங்கள் ஓடின. ஒரு கையைக் கம்பியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறி ஆடை கட்டியது, ஆடையும் நடுங்கியது. அப்புறம் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, இந்நேரத்துல? அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லம்மா. மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா? அவர்கிட்ட சொல்லு. அந்தக் கட்டில் நல்ல கட்டில்தான்."

அந்தப் பக்கம் மகள் அதைக் கணவரிடம் சொல்வது கேட்டது.

"அப்ப வந்து படுத்துப் பாருங்கப்பா" என்றாள் மகள்.